எந்த நாட்டு ஊசி

கொரோனாவின் இரண்டாம் வருஷம் பதுளைக்குச் சீன ஊசி வந்தபோது, பசார் வீதியில் செருப்புக் கடை வைத்திருந்த ஸாஹிர் அதைப் போட்டுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். தடுத்தவர் பக்கத்து மருந்துக்கடை ஹஸீப் ஹாஜியார். நம் நாட்டுத் துறைமுகத்தைப் பிடித்த சீனா இப்போது நம் உடம்பையும் கேட்கிறது, இந்தியா தன் ஊசியை நிறுத்திவிட்டது, அமெரிக்க ஊசி வரும்வரை பொறுத்தால் நல்லது என்று கடை வாசலில் நின்று எல்லாருக்கும் சொன்னார். மருந்து விற்கிறவர் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? ஸாஹிர் பொறுத்தார். அமெரிக்க ஊசிக்கு முன்னால் காய்ச்சல் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனவரை மனைவி ஸுலைஹா அப்புறம் பார்க்கவில்லை. உயிர் போனதும் மையித்தை, கொரோனாவில் இறந்தவர்களுக்கென்று அரசாங்கம் ஒதுக்கியிருந்த தூரத்து ஓட்டமாவடியில் அடக்கினார்கள். அவருடைய தம்பி மட்டும் கூடப் போய்வந்தார்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தவளுக்கு ஆறுதல் சொல்ல ஹாஜியாரின் மனைவி ஸுபைரா வந்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "எங்கட ஊட்டுல ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகல்ல தங்கச்சி. ஹாஜியார் மொத நாளே எங்களக் கூட்டிட்டுப் போய் சீன ஊசியப் போட்டுட்டார். கொஞ்சந்தானே வந்திச்சு, எல்லாரும் வந்து நிண்டா எங்களுக்குக் கெடைக்குமா?"

சொன்னதன் கனம் ஸுபைராவுக்கே விளங்கவில்லை. ஸுலைஹா அழவில்லை. கேட்டதை யாரிடமும் சொல்லவுமில்லை. இத்தா முடிந்ததும் கடையைத் தானே நடத்தினாள். ஹாஜியார் எதிரே வந்தால் ஸலாம் சொன்னாள். நேரம் பார்த்திருந்தாள்.

போன வருஷம் ஹாஜியார் மருந்துக்கடை மாடியில் கிளினிக் திறந்தார். உம்ராவுக்கு மக்கா போகிறவர்கள் போடவேண்டிய வெளிநாட்டு ஊசியை இனி அங்கேயே போடலாம் என்றார். திறப்பு விழாவுக்குப் பசாரே திரண்டிருந்தது. ஏதும் கேட்க இருந்தால் கேட்கலாம் என்று அவர் சொன்னதும், பெண்கள் பக்கத்திலிருந்து ஸுலைஹா எழுந்தாள்.

"எந்த நாட்டு ஊசி, ஹாஜியார்?"

அவர் சிரித்தார். "எந்த நாடா இருந்தா என்ன? மருந்துக்கு நாடு இருக்கா?"

"இத ஏன் என்ட மாப்புளைக்குச் சொல்லல்ல? நீங்க சீன ஊசியப் போட்டுட்டு வந்துதானே அவரப் பொறுக்கச் சொன்னீங்க? வரிசை கொறையட்டும் எண்டுதானே?"

ஹாஜியார் திரும்பி மனைவியைப் பார்த்தார். ஸுபைரா தலையைக் குனிந்துகொண்டாள். சபைக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அவர் பேச்சைக் கேட்டுப் பொறுத்திருந்து, வீட்டில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் சிலர் அங்கே இருந்தார்கள். முதலில் எழுந்து போனவர்கள் அவர்கள்தான். ஊசியில் பிழையில்லை, அரசாங்க ஆஸ்பத்திரியில் போடுங்கள், இவர் கையால் மட்டும் வேண்டாம் என்று ஸுலைஹா படியில் நின்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். கிளினிக்குக்கு ஆள் வரவில்லை. சில மாதங்களில் பூட்டிவிட்டார்.

உம்ராவுக்குப் புறப்படுமுன் ஹாஜியார் வழக்கப்படி வீடு வீடாக மன்னிப்புக் கேட்டு வந்தார். ஸுலைஹாவின் வாசலிலும் நின்றார். பயத்தில் செய்துவிட்டேன், பொருந்திக்கொள்ளுங்கள் என்றார்.

"பயம் அவருக்கும் இருந்திச்சு ஹாஜியார். அவர்கிட்டப் போய்க் கேளுங்க. ஓட்டமாவடியிலதான் இருக்கார்."

கதவைச் சாத்தினாள். மனம் இளகுமா என்று கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். இளகவில்லை. அடுப்பில் சோறு குழைகிற வாசம் வந்தது, இறக்கப் போனாள்.