உஷ் அக்கா தட்டெடுத்த பிற்பகல்

சாப்பாட்டுத் தட்டு ஒரு கையிலும் கரண்டி இன்னொரு கையிலுமாக என் மனைவி தெரு நடுவில் நின்றாள். வாக்குப்பதிவு முடிய அதிக நேரம் இல்லை. தெருவில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை.

எங்களுடையது பகலில் தூங்குகிற தெரு. ரொட்டி ஆலை, மருத்துவமனை, பேருந்துப் பணிமனை என்று எல்லோருக்கும் இரவு வேலை. வாடகை குறைவு என்று ஒருவர் சொல்லி ஒருவர் வந்து சேர்ந்தவர்கள். நான் பணிமனையில் பேருந்து கழுவுகிறேன். அவள் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இருக்கிறாள். இங்கே பகலில் கதவைத் தட்டுவது கொலைக்கு ஒரு படி குறைவான குற்றம். அந்தச் சட்டத்தைப் போட்டதும் என் மனைவிதான், காவல் காப்பதும் அவள்தான். வீடு வீடாகப் போய் அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கவைத்தாள். காய்கறிக்காரர் தெருமுனைக்கு வந்ததும் வாயைப் பூட்டிக்கொள்வார். உதட்டில் விரல் வைத்து அவள் போடும் ‘உஷ்’ஷில் நாய்கூடக் குரைப்பதைப் பாதியில் விழுங்கிவிடும். அதனால் அவள் உஷ் அக்கா. நான் உஷ் அக்கா வீட்டுக்காரர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

தெருவிளக்கு எரிந்து எத்தனையோ காலமாகிறது. நாங்கள் இருட்டுக்குப் பழகிவிட்டோம். ஆனால் மகளுக்கும் மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது; அடுத்த வாரத்திலிருந்து அவளும் இரவில் இந்தத் தெருவில் நடக்க வேண்டும், அதுவும் தனியாக. மனைவி கவுன்சிலரைப் பார்க்கப் போனாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

“உங்க தெருவுல ஆள் இருக்காங்களான்னே எனக்குத் தெரியாதும்மா. போன தடவை ஓட்டுப் போட யாருமே வரலையே. ஓட்டுப் போடறவங்க என் வாசல்ல வந்து நிக்கறாங்க. நான் அவங்க வேலையைத்தான முதல்ல பார்ப்பேன்?”

வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. “அவரைத் திட்டவும் முடியலைங்க. அதான் வயிறு எரியுது” என்றாள்.

வாக்குப்பதிவன்று காலை வேலை முடிந்து வந்த ஒவ்வொருவரையும் வழிமறித்துச் சொன்னாள். “கண்டிப்பா வர்றோம்க்கா, கொஞ்சம் தலையைச் சாய்ச்சுட்டு வந்துடறோம்” என்றார்கள். இரவெல்லாம் நின்றவன் தலையைச் சாய்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நானும் சாய்த்தேன். அவளும் சாய்த்தாள். மகள்தான் எங்களை உலுக்கி எழுப்பினாள். “அம்மா, மணியைப் பாரு. தெருவுல இருந்து ஒருத்தரும் போகலை.”

மனைவி எதிர்வீட்டுக்கு ஓடினாள். கதவைத் தட்ட ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. “என்னால முடியலைங்க. ராத்திரி பூரா அடுப்பு முன்னாடி வெந்துட்டு வந்தவரு. எப்படி எழுப்பறது?”

“சரி, நாம மூணு பேரு போயிட்டு வந்துடலாம்மா” என்றாள் மகள்.

மனைவி அவளை ஒரு முறை பார்த்தாள். விறுவிறுவென்று எங்கள் வீட்டுக்குள் போய்த் தட்டும் கரண்டியுமாகத் திரும்பி வந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓங்கி அடித்தாள்.

அந்தத் தெருவில் பகலில் அப்படியொரு சத்தத்தை யாரும் கேட்டதில்லை. முதல் ஜன்னல் படாரென்று திறந்தது. எதிர்வீட்டு ரொட்டி ஆலைக்காரர் பாதிக் கண்ணோடு கத்தினார்: “எவன்டா அவன்? உஷ் அக்கா! அக்கா, கொஞ்சம் வெளிய வந்து என்னன்னு கேளுங்க!”

“நான்தான்யா அது! எழுந்து வா, ஓட்டு முடியப் போகுது!”

அவர் கண்ணைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பிலேயே பாதித் தெரு எழுந்துவிட்டது.

லுங்கியும் நைட்டியுமாக, கன்னத்தில் தலையணை மடிப்போடு, முனையிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனோம். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அதிகாரி எங்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். இருட்டில் மட்டுமே பார்த்துப் பழகிய முகங்களை நாங்கள் வெயிலில் பார்த்தோம். “உங்களுக்கு இவ்வளவு நரையா?” என்று என்னிடம் கேட்டார் எங்கள் தெரு நர்ஸம்மா. வரிசையிலேயே அவருக்கும் ரொட்டி ஆலைக்காரருக்கும் எந்தக் கட்சி நல்ல கட்சி என்று வாக்குவாதம் முற்றியது. “யாருக்கு வேணா போடுங்க. சண்டையை அப்புறம் போடுங்க” என்று மனைவி இருவரையும் பள்ளிக்குள் தள்ளினாள்.

விளக்கு வருமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வரிசை பள்ளி வாசலைத் தாண்டித் தெரு வரை நீண்டதைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

நான் ஓட்டுப் போட்டு வெளியே வந்தபோது, எனக்கு முன்பே போட்டுவிட்டு வந்த மனைவி வராந்தா பெஞ்சில் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் தட்டு. விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்கியபடி அவர்கள் இருவரும் வெளியே வந்தார்கள். மகள் அவர்கள் எதிரே போய் நின்றாள். மை இன்னும் காயாத விரலை உதட்டில் வைத்து, “உஷ்” என்றாள்.

ரொட்டி ஆலைக்காரர் சொல்லவந்ததைப் பாதியில் விழுங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.