பெட்ரோலைக் குடித்தது யார்?

தங்கை பைக் டாக்ஸி ஓட்டுகிறாள். அன்றன்று வரும் காசை அன்றன்றே பிரித்துவிடுவாள். பெட்ரோலுக்கு ஒரு டப்பா, டயருக்கும் ஆயிலுக்கும் ஒரு டப்பா, மிச்சம் அவளுக்கு. கொஞ்ச நாளாகப் பெட்ரோல் டப்பா பாதி மாதத்திலேயே துடைத்து வைத்தாற்போல் ஆகி, மிச்சத்திலும் கைவைக்க வேண்டியிருந்தது.

வண்டி அண்ணன் பேரில் இருந்தது. "யானையைக் கட்டித் தீனி போடுற கதையா இருக்கு. வித்துடறேன். நீ என் கடையில வந்து கல்லாவுல உக்காரு" என்றான்.

"சம்பளம்?"

"வீட்டு ஆளுக்கு என்ன சம்பளம்?"

அவளுக்குச் சுருக்கென்றது. வண்டியை மெக்கானிக்கிடம் காட்டினாள். ஒழுகலும் இல்லை, கோளாறும் இல்லை. அப்படியென்றால் குடித்த பெட்ரோலுக்கு வண்டி எங்கோ ஓடித்தானே இருக்க வேண்டும்? காலையும் இரவும் மீட்டரில் உள்ள எண்ணைச் சமையலறைக் கதவின் பின்னால் கிழமை போட்டுச் சாக்பீஸால் எழுதினாள். சவாரி ஓடிய தூரத்தைக் கழித்தாள். சவாரியை ஏற்றப் போகும் வெறும் ஓட்டத்துக்குக் காசு வராது, பெட்ரோல் மட்டும் போகும். அதையும் கழித்தாள். அப்புறமும் தினம் பதினாறு கிலோமீட்டர் உதைத்தது. ஞாயிறு மட்டும் கணக்கு நேராக நின்றது.

ஞாயிறு அண்ணன் கடைக்கு விடுமுறை. மற்ற நாளெல்லாம் காலையில் கடைக்கு, மதியம் சாப்பாட்டுக்கு, திரும்பக் கடைக்கு, ராத்திரி வீட்டுக்கு என்று அவன் பின்சீட்டில்தான் இருப்பான்.

அண்ணன் வண்டியை விற்க ஆள் பார்த்தான். பழைய வண்டி வாங்கும் தரகர் வந்தார். "ரொம்பக் குடிக்குமோ?" என்று கேட்டார்.

"இதுவா? பெட்ரோல் வாசம் காட்டினாலே ஓடும்ங்க!" என்றான் அண்ணன்.

"அப்ப டப்பாவைக் காலி பண்ணினது யாருண்ணே?" அவள் கதவை இழுத்துக் காட்டினாள்.

அண்ணி எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பதினாறும் உங்களை மாதிரியே ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குதே!" என்றாள்.

"கூடப் பொறந்தவன்கிட்டயே கணக்கா?"

"வண்டிக்கு அண்ணன் தங்கச்சி தெரியாதுண்ணே. தூரம்தான் தெரியும்."

தரகர் எழுந்துவிட்டார். "வண்டி நல்ல வண்டிதான். குடும்பம்தான் மைலேஜ் குடுக்கல."

மறுநாள் காலை அண்ணன் ஒன்றும் நடக்காதது போலப் பின்சீட்டில் ஏறினான். அவள் சாவியைத் திருப்பவில்லை.

"எடு, நேரமாகுது."

"வாடகை?"

"நான் நெனச்சா இன்னைக்கே வித்துடுவேன், தெரியும்ல?"

"வித்துக்கோ. வாங்கறவன் உன்னைச் சும்மா ஏத்திட்டுப் போவானான்னு மட்டும் கேட்டுட்டு வித்துக்கோ."

போன் கூவியது. பக்கத்துத் தெருவில் சவாரி. அவள் திரையின் மேல் விரலை வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே அவனைப் பார்த்தாள். வாசலில் அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணன் முனகியபடி சட்டைப் பையைத் துழாவி நோட்டை நீட்டினான்.

அவள் வாங்கி மடித்துக்கொண்டாள். "போக மட்டுமா, வரவும் சேர்த்தா?"