பாராமல் இட்ட கையெழுத்து

இளவெயில் கண்ணாடிச் சாளரங்களில் பட்டுத் தெறிக்க, வானளாவும் மாளிகைகள் ஒன்றன் நிழலில் ஒன்று நிற்க, பல்லாயிரவர் ஏறியும் இறங்கியும் தத்தம் பணிக்கு விரையும் காலைப் பொழுது அது. அம்மாளிகைகளின் மின்தூக்கிகளைப் பேணும் நிறுவனத்தின் தலைவரை, பண்புசால் வாசகரே, உமக்குக் காட்டுகிறேன். மூக்கைப் பொத்திக்கொள்வது நலம்.

முன்னொரு நாள், தம்மைப் பாராட்டும் விழாவுக்கு நேரமாயிற்றென்று, தாமே ஏறி ஆய வேண்டிய இழுவைக் கயிற்றை ஏறிட்டும் பாராமல், ‘ஆய்ந்தேன், நன்று’ என்றெழுதிக் கையெழுத்திட்டு அகன்றார் அப்பெருந்தகை. ஆய்வாளரான ஒரு பெண்மணியும் ஏனையோரும் கண்டனர்; வாய் திறந்தாரில்லை. கூரையில் ஊறிய நீர் சுவரெங்கும் பாசி படர்த்துவதுபோல் அவ்வழக்கம் அலுவலகமெங்கும் படர்ந்தது. இருந்த இடத்திலிருந்தே எல்லாரும் எல்லாவற்றையும் ஆய்ந்தனர்! ஒவ்வொரு கயிற்றையும் தடவிப் பார்த்த முதிய பழுதுநீக்குநர் ஒருவரை மட்டும் ‘ஆமை’ என்று எள்ளி நகைத்தனர்.

அந்த ஆமையார்தாம், பெண்மணி பாராமலே நன்றென்றெழுதிய கயிற்றைத் தடவிப் பார்க்கவென மின்தூக்கிக் கூண்டின்மேல் ஏறி நின்றபோது, அது அறுந்ததால் கூண்டோடு வீழ்ந்து இரு கால்களும் முறிந்தார்.

மறுநாள் தலைவர் அவை கூட்டினார். “பாக்காம கையெழுத்துப் போட்டது யாரு? நம்ம இடத்துல இப்படி ஒரு கேவலமா?”

பெண்மணி எழுந்தாள். “நான்தான் ஐயா. நீங்க போட்டதப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்.”

“வாய் ரொம்ப நீளுது. இன்னையோட உனக்கு வேலை இல்ல, கிளம்பு!”

காற்றடித்த பக்கம் சாயும் கோரைபோல் அவையினர் தலைகள் அசைந்தன. “ஆமாங்கய்யா, இந்தம்மா எப்பவுமே இப்படித்தான்” என்றது முதுகெலும்பற்ற ஒரு குரல்.

அவள் நேரே மருத்துவமனை சென்று ஆமையாரின் மனைவிமுன் நின்றாள். “அக்கா, அந்தக் கயித்த நான் பாக்கவே இல்ல. பாத்ததா எழுதிட்டேன்.”

மனைவி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பின், “காலையில உங்க ஐயா வந்தாரு. இவரு கவனமில்லாம ஏறினதுதான் தப்புன்னு கையெழுத்துக் கேக்குறாரு” என்று அதை நீட்டினாள்.

“போடாதீங்கக்கா. நடந்தத நான் எழுதித் தர்றேன். எனக்கு என்ன வந்தாலும் வரட்டும்.”

எழுதினாள். அத்தாள் வழக்குமன்றம் ஏறிற்று. தலைவர் பதவி இழந்தார். அவளும் தொழிலுரிமை இழந்தாள். ஆமையார் ஊன்றுகோலோடு வீடு திரும்பினார்.

கீழுள்ளோரைக் கெடுக்கத் தலைவன் கொடுமை புரிய வேண்டுவதில்லை. அவர்கள் பார்த்திருக்க, பொய்யொன்றை எளிதாகச் செய்துகாட்டினால் போதும். அத்தகையோனை வெறுத்து உம் நெஞ்சை வருத்தாதீர், வாசகரே. வெறுக்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும்.