கத்தரியில் மாவுப்பூச்சி

அன்று காலை என் மனைவி இந்திராணி பால்கனியில் உட்கார்ந்து கத்தரிச் செடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காம்பு தண்டோடு சேரும் இடுக்குகளில் மாவுப்பூச்சி பஞ்சு போல அப்பியிருந்தது. மருந்து அடிக்க விடமாட்டாள். பல் தேய்க்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, ஒவ்வோர் இடுக்காகச் சுரண்டுவாள். தில்லி துவாரகாவில் நான்காம் மாடி, எட்டுத் தொட்டிகள். புரட்டாசி முழுக்க அவளுக்கு இதே வேலை.

நான் கண்ணாடி போடாமல் டீயோடு வந்தேன். அவள் கையில் நீலப் பிரஷ்.

"அது என் பிரஷ்லா?"

"இருந்தா என்ன? உங்க பல்லுக்கு இந்த இலை எவ்வளவோ சுத்தம்."

"பூச்சியத் தேய்ச்சத நான் வாயில வைக்கணுமா? ஒனக்கு எல்லாமே வெளயாட்டு."

"என்னத்துக்கு இந்தக் கத்து கத்துதிய? ஜல்தியா போயி புதுசு வாங்கிட்டு வாங்க. அப்படியே பச்சமொளகாயும்."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனேன். வேண்டுமென்றே மிளகாய் வாங்கவில்லை. திரும்பியபோது அவள் தொட்டிகளுக்கு நடுவே சரிந்து கிடந்தாள். சோப்புத் தண்ணீர் கொட்டிச் சேலை நனைந்திருந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர் நாடி பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் எழுந்தார்.

அதன்பின் வீடு நிறைய ஆட்கள். எல்லா நாளும் நான் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்: என் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. சின்னதுதான், ஆனாலும் காரணம்.

பதினாறாம் நாள் முடிந்து உறவினர்கள் ரயிலேறினார்கள். மகள் மது பால்கனியில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"பாருங்கப்பா, பூரா கீடா, எங்க பாத்தாலும் பூச்சி. மாலி பையாவை வரச் சொல்லிட்டேன். எல்லாத் தொட்டியும் எடுத்துட்டுப் போகட்டும்."

"கத்தரி மட்டும் இருக்கட்டும்மா."

"அதுலதான் அதிகம். அது செத்துப்போச்சுப்பா." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நான் முகம் கழுவப் போனேன். வந்தவர்களின் பிரஷ்கள் போனபின் குவளையில் இரண்டே இருந்தன. ஒன்று அன்று நான் வாங்கிய பச்சை. மற்றது நீலம், கழுத்தில் சிவப்பு நூலோடு.

எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு சேர்ந்த பாக்கெட்தான் வாங்குவோம், ஒரே நிறத்தில். அடையாளத்துக்கு என்னுடையதில் அவள் நூல் சுற்றிவிடுவாள். முப்பத்தாறு வருஷப் பழக்கம். அன்று அவள் எடுத்தது தன்னுடையதை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் கத்தித் தீர்க்கட்டும், சாயங்காலம் நூலைக் காட்டிச் சிரிக்கலாம் என்று வைத்திருந்திருப்பாள்.

தோட்டக்காரர் ஏழு தொட்டிகளை இறக்கிக்கொண்டு போனார். கத்தரி மட்டும் சுவரோரம் நின்றது. அவள் கையிலிருந்து யாரோ எடுத்து அதன் மண்ணில் குத்தியிருந்த பிரஷ் அப்படியே இருந்தது. மயிர் விரிந்து, கழுத்து வெறுமையாக.

கிண்ணத்தில் சோப்புக் கரைத்துக்கொண்டு அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டேன். அவள் பாதியில் விட்ட கிளையில், மூன்றாவது காம்பின் இடுக்கில், வெள்ளையாக அப்பியிருந்தது மாவுப்பூச்சி.