கடைசிப் பெயர்

“அந்த என்சைமையே செல்லுல இருந்து எடுத்துட்டே. அப்புறமுமா கோடு விழுந்துச்சு?”

“விழுந்துச்சுங்க மேடம். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன்.”

“என்னோட ஆன்டிபாடியிலயா?”

“உங்களுதுலதானுங்க.”

வெள்ளையம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். சேலத்தில் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர், போன மாதம்தான் ஓய்வு பெற்று, மலைமேல் சொந்த ஊரான மாரமங்கலத்துக்கே திரும்பியிருந்தார். மெல்வின் அவருடைய கடைசி ஆராய்ச்சி மாணவன். ஏற்காட்டில் பஸ் மாறி, லேப்டாப்பை மடியில் அணைத்தபடி வந்திருந்தான். மலை வளைவுகளில் குமட்டி வெளிறிய முகம் இன்னும் தெளியவில்லை.

உடலின் செல் ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து வரும் செய்தியை அதனுள்ளே கடத்துகிற ஓர் என்சைம். அதன் பின்னால்தான் அவருடைய வாழ்நாள் போனது. அது கண்ணுக்குத் தெரியாது. அதில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைச் சேர்த்தால் ஃபிலிமில் ஒரு கறுப்புக் கோடு விழும். விலைக்கு வாங்க முடியாத காலத்தில் அந்த ஆன்டிபாடியை அவரே முயல்களில் உண்டாக்கி, சின்னக் குழாய்களில் உறைய வைத்தார். புதிதாக வரும் ஒவ்வொரு மாணவருக்கும், பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுப்பதுபோல, ஒரு குழாய் கொடுப்பார். எல்லோருக்கும் ஒரே கோடு விழுந்தது. அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இப்போது என்சைமே இல்லாத செல்லிலும் அதே கோடு. இத்தனை காலமும் அந்த ஆன்டிபாடி வேறு எதையோ பிடித்துக் காட்டியிருக்கிறது.

அதே குடும்பத்து என்சைமாக இருக்கலாம், பழைய முடிவுகளில் பாதியாவது தேறும் என்று மெல்வின் ஏதேதோ சொன்னான். அவர் கையமர்த்தினார். கோபமில்லை. தப்பான பஸ்ஸில் ஏறிக் கடைசி ஸ்டாப்பில் இறங்கியவரைப் போலிருந்தார்.

“யாரோடவோ இத்தன வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். அது யாருன்னு நீயாவது கண்டுபிடி.”

சிரிப்பதா என்று தெரியாமல் மெல்வின் லேப்டாப்பைத் திறந்து, அந்த ஆன்டிபாடி தவறென்று எழுதியிருந்த கட்டுரையைக் காட்டினான். சாயங்காலம் ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்பலாமென்று வந்ததாகச் சொன்னான்.

அவர் நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் அளவு தவறியிருந்ததைத் திருத்தச் சொன்னார். பிறகு மேலே போய்ப் பெயர்களைப் பார்த்தார். வேலை செய்த மாணவன் பெயர் முதலில் வரும், வழிகாட்டியின் பெயர் கடைசியில். எந்த ஆய்வகத்திலும் அதுதான் வழக்கம். முதலில் மெல்வின் இருந்தான். கடைசியில், அவர் ஓய்வு பெற்றதும் பொறுப்பேற்ற கவிதாவின் பெயர் இருந்தது.

மேடத்துக்குச் சங்கடம் வேண்டாமென்றுதான் அவர் பெயரை விட்டுவிட்டதாக மெல்வின் முணுமுணுத்தான். அது உண்மைதான். கண்டுபிடிப்பு தன்னுடையதாக மட்டும் இருக்கட்டும் என்ற ஆசை அதில் எவ்வளவு என்பது அவனுக்கே தெரியவில்லை.

வெளியே யாரோ பாயில் மிளகைப் பரப்பும் சத்தம் கேட்டது. அவர் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

“அந்தக் கோட்டை நம்பச் சொன்னது நான்தானே, கண்ணு. நொம்ப யோசிக்காதே. கடைசியில என் பேரையும் போட்டுர்றியா, சாமி?”