மழை நாள் டூட்டி

ஆனந்தவல்லியைக் கட்டிலிலிருந்து தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்து கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தலைப்பக்கம் சேஷு, கால்பக்கம் எதிர்வீட்டு ராஜஸ்ரீயின் கணவர், நடுவில் முதுகுக்கு அடியில் கைகொடுத்து ராஜஸ்ரீ. யாருக்கும் கை ஒழியவில்லை. அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. பாயில் கிடத்திவிட்டு நிமிர்ந்ததும், "காகா, ஃபோன் க்யா," என்று மராத்தியில் சேஷுவையே எடுக்கச் சொன்னாள் ராஜஸ்ரீ. ஃபோனுக்குப் பக்கத்தில் நின்றது அவள்தான். எடுத்து என்ன சொல்வது என்று பயந்தாள்.

"சார், குட் மார்னிங். யூனிவர்சிட்டிலேர்ந்து ஜோஷுவா பேசுறேன். மேடம் இருக்காங்களா?"

ஜோஷுவா, வல்லியின் பிரிவில் அவளுக்கு அடுத்த நிலையில் இருந்தவன். பூர்வீகம் திருநெல்வேலி, வளர்ந்தது புனேயின் கோர்படி ரயில்வே காலனி. மழைக்காலம் வந்துவிட்டால் காலைக் காப்பியோடு அவன் குரலும் வந்துவிடும்.

"வல்லி போயிட்டாப்பா," என்றார் சேஷு.

"போயிட்டாங்களா? இந்த மழையிலயா? ஐயோ, எப்ப சார் கிளம்புனாங்க? ரோடெல்லாம் தண்ணி நிக்குது. பாலத்துல போலீஸ்காரன் ஒவ்வொரு வண்டியா நிறுத்தித்தான் விடுறான். மொபைல்ல கூப்பிட்டு திரும்பி வரச் சொல்லுங்க சார். நாங்க பாத்துக்கறோம்."

சேஷு ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். தான் சொன்ன வார்த்தைக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. அதைத் திருத்த மனம் வரவில்லை. ரெயின்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஏதோ ஒரு ஆட்டோவில் அவள் போய்க்கொண்டிருப்பதாகவே இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது.

"இல்லடா ஜோஷுவா. காலமாயிட்டா. விடியக்காலம்பற. இங்கேதான் படுத்துண்டிருக்கா."

மறுமுனையில் ரிசீவரை வைக்கிற சத்தம் கேட்டது.

அது இரண்டாயிரத்து ஐந்து ஜூலைக் கடைசி. மும்பை முந்தின நாளே முழுகிவிட்டது. புனேயில் அணைகளிலிருந்து தண்ணீர் திறக்கிறார்கள், ஆற்றோரம் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. அன்று விடியற்காலையில் வல்லி எழுந்ததும் பால்கனிக் கதவைத் திறந்து வானத்தைப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் லீவு. லீவு விடறதுக்கு நான் மட்டும் போகணும்," என்றாள். வருஷா வருஷம் சொல்வதுதான். சேஷு காப்பி கலந்து எடுத்து வருவதற்குள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கண்ணை மூடிக் கொஞ்சம் யோசிக்கிறாள் என்று நினைத்து, காப்பி ஆறிவிடக் கூடாதே என்று டம்ளரை டபராவால் மூடி வைத்தார். மேல்மாடியில் குடியிருந்த ராணுவ மருத்துவர் வந்து கையைப் பிடித்துப் பார்க்கும்வரை அந்த டபரா அப்படியே மூடியிருந்தது.

அவள் உதவிப் பதிவாளர். பெரிய மழை, புயல், ஊரடங்கு என்று எது வந்தாலும் பல்கலைக்கழகத்தில் யார் வர வேண்டும், யார் வர வேண்டாம் என்று முடிவு செய்கிற வேலை நாளாவட்டத்தில் அவள் தலையில் வந்து விழுந்துவிட்டது. கையெழுத்துப் போடுகிறவர்கள் மாறினார்கள். அவள் மட்டும் மாறவில்லை. "இவ்வளவு பெரிய யூனிவர்சிட்டிலே உன்னை விட்டா ஆளே இல்லையா?" என்று சேஷு பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்பார். ராணுவக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மழை பெய்தால் வீட்டில் இருக்க வேண்டும், வெங்காய பஜ்ஜி சாப்பிட வேண்டும் என்பது அவர் கட்சி.

கொஞ்ச நேரத்தில் ஜோஷுவா மறுபடியும் கூப்பிட்டான். அழுதிருந்தான். அதை மறைக்கவும் முயலவில்லை.

"சார், இதை எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. கேக்கக் கூடாது. ரிஜிஸ்ட்ரார் மும்பையில மாட்டிக்கிட்டாரு. வி.சி. என்னடான்னா மூடிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புன்னு சொல்றாரு. லேடீஸ் ஹாஸ்டல்ல கீழ்த்தளம் பூரா தண்ணி. எல்லாரையும் அனுப்பிட்டா... மேடம் இருந்தா..."

சேஷு வல்லியைப் பார்த்தார். ராஜஸ்ரீ அவள் தலைமாட்டில் விளக்கேற்றி, காற்றில் அணையாமல் இருக்கக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"மூடியாச்சுன்னு போடாதே," என்றார் சேஷு.

"சார்?"

"கிளாஸ் இல்லேன்னு போடு. மூடியாச்சுன்னு போட்டா சமையல்காரா வரமாட்டா. ஹாஸ்டல்லே எண்ணூறு குழந்தைகள் பட்டினி கிடக்கும். மெஸ், பம்ப் ஹவுஸ், டிஸ்பென்சரி, இதுக்கு மட்டும் ஆள் வேணும். பாலத்துக்கு இந்தண்டை, எங்க பக்கம் இருக்கறவாளைக் கூப்பிடாதே, வந்தா திரும்பிப் போக முடியாது. பச்சைக் குழந்தைக்காரி எவளையும் கூப்பிடாதே." அவர் பேசிக்கொண்டே போனார். இவ்வளவும் தனக்குத் தெரியும் என்று அவருக்கே தெரியாது. பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டது ஒவ்வொன்றும் உள்ளே போய்த் தங்கியிருந்தது. "அப்புறம், ஜோஷுவா, வேலைக்கு வான்னு சொல்றதுக்கு முன்னாடி உன் வீட்டுல தண்ணி வந்திருக்கான்னு கேளு. அதைக் கேட்டுட்டுத்தான் மத்தது."

"கேக்குறேன் சார். மேடம் அதைத்தான் முதல்ல கேப்பாங்க."

அதற்கு ஒரு காரணம் உண்டு. தொண்ணூற்றேழில் ஒரு பெருமழையில் பம்ப் ஓட்டுகிற சக்காராம் என்பவரை வல்லி கூப்பிட்டனுப்பினாள். அவரும் வந்து, வீட்டுக்கே போகாமல் பம்பைக் காவல் காத்தார். ஆற்றோரத்தில் இருந்த அவர் குடிசை அதற்குள் பாத்திரம் பண்டத்தோடு போய்விட்டது. வேலைக்குக் கிளம்பும்போதே வீட்டில் முழங்கால் தண்ணீராம். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, யாரும் கேட்கவில்லையே என்றாராம். அன்றைக்கு வல்லி சாதத்தில் கைவைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "நான் கேக்கலியே," என்று மட்டும் சொன்னாள்.

"சார், ஓடுற நிலைமையில ஒரே ஒரு பஸ்தான் இருக்கு," என்றான் ஜோஷுவா. "அதை உங்க வீட்டுக்கு அனுப்பிடறேன். மேடத்தைக் கொண்டுபோக கார்ப்பரேஷன் வண்டி இன்னிக்குக் கிடைக்காது."

கிடைக்காது என்று சேஷுவுக்கும் தெரியும். ராஜஸ்ரீயின் கணவர் காலையிலிருந்து கேட்டுப் பார்த்தாயிற்று.

"பஸ்ஸை வெச்சுண்டு இப்போ என்ன பண்ணிண்டிருக்கே?"

"பொண்ணுங்களை மேட்டுல இருக்குற பிளாக்குக்கு மாத்திக்கிட்டிருக்கோம்."

"அதை முடிச்சுட்டு வா."

"சாயங்காலம் ஆயிடும் சார்."

"ஆகட்டும். பாதியிலே பஸ்ஸைத் திருப்பினேன்னு தெரிஞ்சா என்னைத்தான் திட்டுவா."

ராஸ்தாபேட்டிலிருந்து காரியம் பண்ணிவைக்க வாத்தியார் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். மேலெல்லாம் சொட்டச் சொட்ட வாசலில் நின்று, பிளாஸ்டிக் பையை உயர்த்திக் காட்டி, "தர்ப்பை நனையலை மாமா. நான்தான் நனைஞ்சுட்டேன்," என்றார். துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்ததும், தயங்கித் தயங்கி, "பொண்ணு வந்துடுவாளோன்னோ?" என்று கேட்டார்.

ஒரே பெண் வைஷு. மும்பையில் வேலை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவள் மொபைல் கிடைக்கவில்லை. வல்லி படுக்கப்போகிறவரை முயன்று பார்த்தாள். "சமத்து, எங்கேயாவது ஒதுங்கி இருப்பா," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சேஷு இன்று எத்தனை தடவை அந்த எண்ணைச் சுழற்றினார் என்பதற்குக் கணக்கில்லை.

மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, நான் நன்னா இருக்கேன். அதை முதல்ல சொல்லிடறேன். ராத்திரி ஆபீஸ்லயே மேஜைக்கு மேல படுத்துண்டோம். மொபைல்ல சார்ஜ் இல்லே. கீழே பிசிஓ பூத்ல பெரிய கியூ, இப்போதான் என் டர்ன் வந்தது. அம்மா டூட்டிக்குப் போயிருப்பா. கவலைப்பட்டுண்டே இருப்பா, நீ போன் பண்ணிச் சொல்லிடு."

சேஷு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"வைஷு, உன் பக்கத்துலே யாராவது இருக்காளா?"

"சுமேதா இருக்கா. ஏம்ப்பா?"

"அவ கையைப் பிடிச்சுக்கோ."

அதற்கப்புறம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மகளுக்குப் பின்னால் வரிசையில் யாரோ, சீக்கிரம் சீக்கிரம் என்று இந்தியில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குரலும் நின்றுபோயிற்று.

"நான் நடந்தாவது வந்துடறேன்பா."

"எங்கே நடப்பே? தண்டவாளத்தையே காணோம்கறான்."

"எனக்காக வெச்சுண்டு இருப்பியா?"

சேஷு வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் வைஷுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வேண்டாம். அவளுக்குப் பிடிக்காது. அழைச்சுண்டு போயிடு," என்றாள். பிறகு, "என்ன புடவை கட்டியிருக்கா?" என்று கேட்டாள்.

"ஒம்பது கஜம், அரக்கு. மடிசார் கட்டிவிட இங்கே யாருக்கும் தெரியலை. ராஜஸ்ரீ அவா பாணியிலே கட்டிவிட்டா."

"மராட்டிக் கட்டா?" அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எப்படிப்பா இருக்கா அதுலே?"

சேஷு திரும்பிப் பார்த்தார். "சண்டைக்குக் கிளம்பினவ மாதிரி இருக்கா," என்றார்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கீழே பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. ஜோஷுவாவும் ஓட்டுநரும் வருவார்கள் என்று நினைத்துத்தான் சேஷு எட்டிப் பார்த்தார். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மஞ்சள் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு மெஸ் சமையல்காரர்கள், கம்பூட்ஸோடு பம்ப் ஆட்கள், வெள்ளைச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்ட நர்ஸம்மா, விடுதி வார்டன், பெருக்குகிற பெண்கள். எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக மாடி ஏறி வந்தார்கள். ஈரச் செருப்புகள் கீழ்ப்படி வரைக்கும் நின்றன.

ஜோஷுவா சேஷுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "டூட்டி முடிஞ்சு இவங்களை அவங்கவங்க வீட்டுல இறக்கிவிடணும்னுதான் பஸ்ஸை எடுத்தோம் சார். போற வழியில ஒருத்தரும் இறங்கலை."

உள்ளே சக்காராம் வல்லியின் காலடியில் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர் காதில் மட்டும் விழுகிற குரலில், "இந்தத் தடவை எங்க வீட்டுல தண்ணி வரலை மேடம்," என்று மராத்தியில் சொன்னார்.

ராஜஸ்ரீ சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

"வி.சி. பேசினாரு சார்," என்றான் ஜோஷுவா தணிந்த குரலில். "மேடத்துக்கு மரியாதையா நாளைக்கு யூனிவர்சிட்டிக்கு லீவு விடலாம்னாரு. நாளைக்கும் ஏற்கெனவே கிளாஸ் இல்ல சார். என்ன சொல்றதுன்னு தெரியாம சரின்னுட்டேன்."

அன்றைக்கு முதல் தடவையாக சேஷு சிரித்தார்.

டிஸ்பென்சரி ஸ்ட்ரெச்சரில் வைத்து அவளைப் பஸ்ஸுக்குக் கொண்டுபோனார்கள். படிக்கட்டுத் திருப்பங்களில் பம்ப் ஆட்கள் ஒரு பக்கம் உயர்த்தி, ஒரு பக்கம் தாழ்த்தி, சுவரில் எங்கும் இடிக்காமல் இறக்கினார்கள். பெண்களும் திரும்ப ஏறிக்கொண்டார்கள். மயானத்துக்குப் பெண்கள் வருவது பற்றி ஏதோ சொல்ல வாயைத் திறந்த வாத்தியார், மழையைப் பார்த்தார், அவர்கள் முகங்களைப் பார்த்தார், பிறகு தானும் ஏறி ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

மயானத்தில் மின்சாரம் இருந்தது. அதுவே பெரிய காரியம் என்று பேசிக்கொண்டார்கள். வாத்தியார் சொல்லச் சொல்ல சேஷு செய்தார். மின்தகன உலையின் கதவு மூடியபின் எல்லாரும் தகரக் கொட்டகைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். அவர் மட்டும் வெளியே போய் மழையில் நின்றார். குளிக்கத்தானே வேண்டும் என்று யாரும் தடுக்கவில்லை.

திரும்பும்போது ஜோஷுவா அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். முந்தாநாள் வீட்டை விட்டுக் கிளம்பியவன் அவன். ஏதோ சொல்லத் தொடங்கினான், பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனான். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அவன் தலை சேஷுவின் தோளில் வந்து சாய்ந்தது. ஈரத் தலை, கனமாக இருந்தது. லேசாகக் குறட்டைகூட விட்டான். பின் இருக்கைகளிலும் பேச்சு அடங்கிவிட்டது.

சேஷுவின் வீடுதான் முதலில் வந்தது. ஓட்டுநர் வாசலை ஒட்டி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மாடியில் விளக்கு எரிந்தது. ராஜஸ்ரீ கதவைத் திறந்துவைத்திருப்பாள்.

சேஷு எழுந்திருக்கவில்லை. தோளை அசைக்காமல், ஒரு கையை மட்டும் தூக்கி, போகலாம் என்று காட்டினார். ஓட்டுநருக்குப் புரியவில்லை. சேஷு ஜோஷுவாவின் தலையைக் காட்டினார். பிறகு சாலையைக் காட்டினார்.

அடுத்து யார் வீடு என்று பின்னாலிருந்து யாரோ மெல்லச் சொன்னார்கள். பஸ் தண்ணீரை இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தது.