எந்த வரிசை நீளமோ அந்த வரிசை

புருஷன் டேரல், மைதானத்திலேயே நீளமான வரிசையைத் தேடிப்பிடித்து அதன் வாலில் போய் நின்றபோது மார்லிஸுக்குப் பொறுமை போய்விட்டது. இது மூன்றாவது வரிசை. பீர் திருவிழாவுக்காக ஓ கிளேர் நகரத்து ஆற்றங்கரைப் பூங்காவையும் அதன் வண்டி நிறுத்தத்தையும் சேர்த்துக் கூடாரங்களாகப் போட்டிருந்தார்கள். பாதிக் கூடாரங்களில் பீர் ஊற்றுகிறவர்கள் ஈயோட்டிக்கொண்டிருந்தார்கள். போய்க் கோப்பையை நீட்டினால் சிரித்த முகத்தோடு ஊற்றித் தருவார்கள். இவன் கண்ணில் அதெல்லாம் படாது. எங்கே ஜனம் வளைந்து நெளிந்து நிற்கிறதோ அங்கேதான் போவான், கழுத்தில் பிரெட்ஸல் என்கிற உப்பு முறுக்குகளைக் கோத்த மாலையோடு, அதில் ஒன்றைக் கடித்துக்கொண்டு. நேற்றுச் சமையல் மேசையில் உட்கார்ந்து தானே கோத்தான். அவளுக்கும் ஒரு மாலை கோத்துக் கொடுத்தான். அவள் எரிச்சலில் முக்கால்வாசியைத் தின்று முடித்திருந்தாள்.

மார்லிஸுக்கு பீர் ஆகாது. திரும்பும்போது வண்டி ஓட்டுகிறவள் என்று வாசலிலேயே மணிக்கட்டில் ஆரஞ்சு நிறப் பட்டை கட்டிவிட்டார்கள். அதைக் காட்டினால் எலுமிச்சைச் சாறு சும்மா தருவார்கள். அதைக் குடிக்க அவள் வரவில்லை. டுலூத் ஊர்ப் பள்ளிகளின் சமையலறைகளை மொத்தமாகப் பார்த்துக்கொள்ள அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பாதி ஆயுசு ஒரே பள்ளியில் அண்டா கழுவி, பிள்ளைகளுக்குத் தட்டில் பரிமாறி, பிறகு அந்தச் சமையலறையையே நடத்தியவளுக்கு இனி இப்படியொரு அழைப்பு வரப்போவதில்லை. இன்று மாலைக்குள் அந்தப் பள்ளிகளின் நிர்வாகி திருமதி நூட்சனுக்குப் பதில் சொல்ல வேண்டும். போவதென்றால் வீட்டை விற்றுவிட்டு வடக்கே, டுலூத்தின் பெரிய ஏரிக்கரைக்குக் குடிபோக வேண்டும். திங்கட்கிழமை கேட்டபோது டேரல் "பேசலாம்" என்று சொல்லிவிட்டு, கார் கொட்டகையில் தான் நொதிக்கப் போட்டிருந்த பீரைப் பார்க்கப் போய்விட்டான். புதன்கிழமை கேட்டபோது பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்றான். "சனிக்கிழமை திருவிழாவுக்கு வா. வரிசையில நிக்கிறப்ப வேற என்ன வேலை, சாவகாசமா பேசலாம்" என்று சொன்னவனும் அவனேதான்.

முதல் வரிசையில், முன்னால் நின்றவனோடு பீரில் கசப்பு கூடவேண்டுமா குறையவேண்டுமா என்று தர்க்கம் செய்தபடியே கூடாரம்வரை போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டாவதில் அவள் வாயைத் திறக்கவும் அவர்கள் முறை வரவும் சரியாக இருந்தது.

"இப்பவாவது சொல்லு. போறமா, இல்லையா?" என்றாள்.

"இந்த வரிசை எதுக்குன்னு தெரியுமா? வருஷத்துக்கு ஒரே பீப்பாதான் போடுவாங்க. விஸ்கி இருந்த பீப்பாயில ஊற வச்சது."

"டேரல், நான் டுலூத்தைப் பத்திக் கேட்டேன்."

முன்னால் நின்ற தாடிக்கார இளைஞன் திரும்பினான். "டுலூத்தா? அண்ணே, யோசிக்காம போங்க. அந்த ஏரித் தண்ணியில பீர் போட்டா அதுக்கே தனி ருசி."

பின்னால் வைக்கோல் தொப்பி போட்டிருந்த பெண் விடவில்லை. "அக்கா, நான் அங்க இருந்தவ, சொல்றேன். ஜூன் மாசம் கோட்டு போட்டுக்கிட்டுத்தான் செடிக்குத் தண்ணி ஊத்தணும். போய் மாட்டிக்காதீங்க."

"பனி தள்ளுற மெஷின் இருந்தா என்ன பயம்?" என்றான் தாடிக்காரன்.

"மெஷினை யாரு தள்றது? அண்ணனைப் பார்த்தா தள்ற ஆளு மாதிரியா இருக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டேரல் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அடுத்த சில நிமிடங்களில் முன்பின் தெரியாத நாலைந்து பேர் பேச்சிலேயே அவள் வீட்டை விற்றார்கள், வாங்கினார்கள், மறுபடி அவர்களை ஓ கிளேருக்கே திருப்பி அனுப்பினார்கள். கருத்துச் சொல்லாதவன் அவள் புருஷன் ஒருவன்தான். இவனை இங்கேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று அவளுக்கு நிஜமாகவே தோன்றியது.

தொண்டை வறண்டு போய்ச் சாறு வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது டேரலின் முறை முடிந்திருந்தது. கோப்பையில் கன்னங்கரேலென்று இரண்டு மடக்கு. அவள் வருவதை அவன் பார்க்கவில்லை. அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்தான். மேசையோரம் வைத்திருந்த வாளியில், பிடிக்காததைக் கொட்டுவதற்கென்றே வைத்திருந்த வாளியில், வாயில்கூட வைக்காமல் அப்படியே கவிழ்த்தான். கோப்பையைத் தண்ணீர் விட்டு அலசினான். அடுத்த நீளமான வரிசை எங்கே என்று தலையைத் தூக்கித் தேடினான்.

"குடிக்கவே இல்லியா நீ?" என்றாள்.

டேரல் திடுக்கிட்டுத் திரும்பினான். பொய் சொல்லப் பார்த்தான், வரவில்லை. "காலையில இருந்து எதுவும் இறங்கல."

"அப்புறம் எதுக்கு இந்த வெயில்ல என்னைக் கால்கடுக்க நிக்க வைக்கிற?"

அவன் கோப்பையின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு நின்றான். "வேணாம்னு நான் ஒரு வார்த்தை சொன்னா நீ இங்கயே இருந்துடுவ, மார்லிஸ். எனக்குத் தெரியும். அதனால அதைச் சொல்லல. சரின்னு சொல்லிடலாம்னு பார்த்தா வாய் வர மாட்டேங்குது. இந்த ஊர்ல நாலு பேரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறான். அங்க போய் நான் யாரு? வரிசையில நிக்கிற வரைக்கும் எதுவும் சொல்ல வேண்டாம் பாரு."

இதற்கு இரக்கப்படத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வந்தது கோபம்தான். ராத்திரியெல்லாம் பக்கத்தில் குறட்டை விடுகிறவன்மேல் கடுப்போடு, தனியாகப் புரண்டுகொண்டிருந்தாளே. அவனும் தூங்காமல்தான் கிடந்திருக்கிறான் என்று இப்போது புரிந்தது. குறட்டை விடுவதுபோல நடித்திருக்கிறான், படுபாவி.

"நல்லவன் மாதிரி பேசாத. எனக்காக நீ வாயை மூடிக்கிட்டு இருக்கல. தப்பு ஒன் தலையில வந்துடக் கூடாதுன்னு இருந்த."

அவள் சாற்றை மேசையில் வைத்துவிட்டு, அவன் எதிரிலேயே போனை எடுத்தாள். தடுப்பான் என்று ஒரு நிமிடம் காத்திருந்தாள். தடுக்கவில்லை.

"திருமதி நூட்சன், மார்லிஸ் பேசுறேன். நான் வர்றேன்."

மறுமுனையில் அவர் மகிழ்ச்சியாக ஏதேதோ சொன்னார். எப்போது வேலையில் சேர முடியும், சமையலறைச் சாவியை யாரிடம் வாங்க வேண்டும் என்றெல்லாம். பிறகு, "வீட்டுலயும் சம்மதம்தானே?" என்றார் திருமதி நூட்சன்.

மார்லிஸ் டேரலைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவனுக்கும் கேட்டிருந்தது. அவன் உதடு அசைந்தது. அப்போதுதான் அவன் கையிலிருந்த கண்ணாடிக் கோப்பை நழுவித் தார்த் தரையில் விழுந்து சிதறியது.

இந்தத் திருவிழாக்களில் யார் கைக் கோப்பை உடைந்தாலும் அவ்வளவு கூட்டமும் கைதூக்கிக் கத்தும். பக்கத்துக் கூடாரத்தில் தொடங்கிய கூச்சல் வரிசை வரிசையாகப் பரவி ஆற்றங்கரைவரை போனது. தெரியாதவர்களெல்லாம் வந்து டேரலின் முதுகில் தட்டினார்கள். தாடிக்காரன் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தான்.

"அடேயப்பா, அங்க எல்லாரும் உங்களுக்காகக் கொண்டாடுறாங்க போலிருக்கே," என்றார் திருமதி நூட்சன்.

மார்லிஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அத்தனை ஆரவாரத்துக்கும் நடுவில் டேரல் அசையாமல் நின்றான். அவன் வலது கை இன்னும் கோப்பையைப் பிடித்திருப்பதுபோல வளைந்தே இருந்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.